எங்கள் இல்லமும் கல்லில் கண்ட இல்லமும்

ஆண்டுதோறும் நம் கலாசாலையின் பழைய மாணவர் சங்கத்தார் ஓர் அச்சுத்தாள் அனுப்புவது வழக்கம். பெயர், பயின்ற ஆண்டு, பாடம், முகவரி என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றையெல்லாம் விரைவில் நிரப்பிவிடுவேன். கணிதத்தில் பட்டம் பெற்றவள் என்று எழுதுகையில் சிறிது பெருமையும் தோன்றும். அடுத்து வருவது 'தொழில்' என்னும் கட்டம். அங்கே என் பேனா நின்றுவிடும். கடந்த 18 ஆண்டுகளாக அக்கட்டத்தில் ஒரு சிறு கோடிழுத்து அனுப்பிவந்தேன்.

வெட்கமே இதற்குக் காரணம். என் வாழ்க்கையில் குறையிருந்து வந்த வெட்கமன்று. குறையில்லாமையால் வந்த வெட்கம். உடன் பயின்ற தோழியருள் சிலர் பேராசிரியைகளாகவும், சிலர் வங்கிகளில் உயர்ந்த பதவியினராகவும் விளங்குகின்றனர். அவர்களுள் ஒருத்தி, "இவ்வளவு படித்துவிட்டு மாட்டுக் கொட்டிலைப் பெருக்குகிறாயே!" என்று ஒருமுறை இரக்கத்துடன் கூறினாள். நான் மகிழ்ச்சியாகவே இருக்கிறேன் என்று சொல்ல அப்போது எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளைகள் வளரட்டும், பார்க்கலாம் என்று மழுப்பினேன். கலாசாலையின் காலை ஜெபத்தில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை வாசிக்க நாம் கேட்டிருக்கிறோம். அதிற் புகழப்பெறும் இல்லக்கிழத்தியை வீட்டிற்குள் அடங்கியிருந்தவள் என்றே நான் எண்ணியிருந்தேன். பின்னாளில் நிதானமாகப் படித்துப் பார்த்தபோது, அவ்வம்மையார் வயல் வாங்குகிறார், திராட்சத் தோட்டம் வைக்கிறார், ஆடை செய்து விற்கிறார் என்று கண்டேன். அவர்முன் நான் பெருஞ் சோம்பேறி!

எங்கள் ஊர் செங்கற்பட்டினின்று மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றத்திற்கு அணித்தேயுள்ள ஒரு சிற்றூர். செங்கற்பட்டு நாடு ஏரிகளால் வாழும் நாடு. சொர்ணவாரி, சம்பா, நவரை என நெல்லுக்கு மூன்று பட்டங்கள் இங்குண்டு. ஏரியில் நீர் நின்றால் மூன்றும் விளையும், நில்லாவிடின் ஒன்றும் அரிது. என் கணவர் செங்கற்பட்டில் அலுவல் பார்க்கிறார். மக்கள் இருவர், மாமியார், ஒரு நாட்டுப் பசு, அதன் கன்று, ஒரு கிணறு, கிணற்றடியில் கீரைப் பாத்தி, வேலியோரம் நான்கு பனை. இவையே எங்கள் இல்லம். மாதந்தோறும் சம்பளம் வந்து சேரும் வீட்டில் மனநிறைவு எளிது என்பதையும் நான் மறைத்தல் கூடாது. மழை பொய்த்த ஆண்டில் அண்டைவீட்டு அம்மாளிடம் சென்று கிராம வாழ்வின் இன்பத்தைப் பேச எனக்கு நா எழாது.

வைகறையில் வாசல் தெளித்துக் கோலமிடுவது என் முதற் பணி. அதுவே என் முதற் பொழுதுபோக்கும் ஆகும். அத்தைக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட சிக்குக் கோலங்கள் அவர் விரல்நுனியில் உள்ளன. மணமாகி வந்த புதிதில் அவற்றை ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொள்ளத் தொடங்கினேன். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்களான கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகிய இருவரும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர் என்று வகுப்பில் எங்கள் ஆசிரியை கூறியது அப்போது என் நினைவுக்கு வந்தது. மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்திற்கும் உண்டென்றும், சிறு உருவொன்றையும் சில விதிகளையும் கொண்டு பெருங்கோலங்களைத் தோற்றுவிக்கலாமென்றும் அவர்கள் காட்டினர். 'கண்ணன் சலங்கை' என்னும் கோலத்தைப் பாருங்கள். முதற் கோலங்கள் நான்கு கூடினால் இரண்டாவது. அவ்விரண்டாவது நான்கு கூடினால் மூன்றாவது. நான்காவதை எட்டும்போது உள்ளே 64 சிறு சலங்கைகள் இருக்கும். ஆயினும் இழை ஒன்றே, எங்கும் அறாது. போகியன்று அத்தை அதனை முற்றத்தில் இடுவார். தாளில் கணக்கிட்டு நான் அரை நாளிற் கண்டறிந்ததை அவர் குனிந்த நிலையிலேயே, எண்ணாமல், அரைமணியில் முடித்துவிட்டு, "நாலு சேர்ந்தால் ஒன்று, இதில் என்ன கணக்கு?" என்று நிமிர்வார். பச்சரிசி மாவாகையால் உச்சிவேளைக்குள் எறும்புகள் பாதியைக் கொண்டுபோய்விடும்.

பறவைகளைப் பார்த்துக் குறித்தல் என் இன்னொரு பித்து. கார்த்திகை முதல் மாசி வரை நத்தைகுத்தி நாரைகள் எங்கள் வயல்களில் இறங்கி நத்தை தேடும். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஊரார், பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாதலை அறிந்து, அவற்றைச் சுடாமற் காக்கும் உரிமையை 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து எழுத்து மூலமாகப் பெற்றவர்கள். திருக்கழுக்குன்ற மலைமீது நண்பகலில் அமுதுண்ண வந்த இரு பாறுகளை அத்தை இளமையிற் கண்டிருக்கிறார். இப்போது அவை வருவதில்லை. மாடுகளுக்குக் கொடுத்துவந்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, அம்மாடு இறந்தபின் அதனைத் தின்னும் பாறுகளுக்கு நஞ்சாகின்றது என்று கண்டு, 2006இல் நம் நாட்டில் கால்நடைக்கு அதனை விலக்கினர். ஆகவே எங்கள் பசுவுக்குக் காய்ச்சல் என்றால் ஊசியின் பெயரைக் கேட்காமல் விடமாட்டேன். கால்நடை மருத்துவர் என்னைக் கண்டதுமே, "மெலாக்சிகாம்தான் அம்மா, அஞ்சவேண்டாம்" என்று சிரிப்பார்.

இனி, என் மனத்தை உறுத்திய செய்திக்கு வருகிறேன். 2014இல் சென்னைப் பள்ளியொன்றிலிருந்து கணித ஆசிரியை வேலைக்கு எனக்கு உத்தரவு வந்தது. அதே திங்களில் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. நான் வேலையிற் சேரவில்லை. கேட்டவர்க்கெல்லாம், "மாமியாருக்குக் கால் முறிந்துவிட்டது, எப்படிப் போவது?" என்றேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தனர். உண்மையாதெனில், உத்தரவைப் பிரித்த அன்றே எனக்குப் போக மனமில்லை. அதைச் சொல்ல நாணி, ஒரு முதியவளின் காலின்மேல் பழியைப் போட்டேன். மூன்று திங்களில் கால் கூடிற்று. என் பொய் மட்டும் அப்படியே நின்றது.

அத்தை மணமான ஆண்டில் மாசிமகத்திற்கு மாமல்லபுரம் சென்று கடலாடி வந்தவர். பிறகு போகவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கடலென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சென்ற தைத்திங்களில், கடற்கரைக்குப் போவதில்லை, சிற்பம் மட்டும் பார்ப்பது என்ற உடன்படிக்கையின்மேல் பேருந்தேறி வந்தார். அருச்சுனன் தவத்தின் முன் கூட்டம் மிகுதி. பூனை தவஞ்செய்வதையும் அதன் காலடியில் எலிகள் வணங்குவதையும் கண்டு குழந்தைகள் கூவினர். அத்தை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அதனை அடுத்துள்ள கிருஷ்ண மண்டபத்துக்குள் நுழைந்தவர்தாம் அங்கேயே நின்றுவிட்டார்.

தூண்களோடு கூடிய மண்டபம் விஜயநகர காலத்தில் எழுந்தது. உள்ளிருக்கும் பாறைச் சிற்பமோ 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. இந்திரன் பெய்த கல்மழைக்குக் கண்ணன் கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்க, அதன் கீழ் ஆயர்பாடி முழுவதும் ஒதுங்கியிருக்கிறது. மலை தாங்கிய கையைவிட அங்குள்ள மக்களே கண்ணைக் கவர்கின்றனர். ஒருவன் குழந்தையைத் தோளில் ஏற்றியிருக்கிறான். ஒருவன் குழலூதுகிறான். ஒருத்தி தலைமேல் அடுக்குப்பானையும் சுருட்டிய பாய்போல் ஒன்றும் சுமந்து நிற்கிறாள். ஓர் ஆயன் குந்தியிருந்து பால் கறக்கிறான். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்குகின்றது. (கோலத்தை ஆராய்ந்த அந்தச் சிரோமணி அவர்களே மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடையணிகளைப் பற்றியும் 1970இல் எழுதியவர். அவரும் இங்கு வந்து வெகுநேரம் நின்றிருப்பார்!)

அத்தை கறப்பவனை நெடுநேரம் நோக்கினார். "கன்றை முன்னே விட்டிருக்கிறான். அதனால்தான் உதைக்காமல் நிற்கிறது. கன்றை நக்கினால்தான் பால் இறங்கும், விவரம் தெரிந்தவன்" என்றார். பிறகு பானை சுமந்தவளைக் காட்டி, "உயிருக்குத் தப்பி ஓடி வந்தவள் பாயையும் பானையையும் விடவில்லை, பார்" என்றார்.

வெளியே பாறை நிழலில் அமர்ந்தோம். சற்றுநேரம் கழித்து அவர் மெல்லச் சொன்னார்: "என் கால் முறியாதிருந்தால் நீ அந்த வேலைக்குப் போயிருப்பாய், அம்மா. உன் படிப்பைக் கெடுத்த பாவம் என்னுடையது."

பத்தாண்டுக்கு மேலாக அவர் அதைச் சுமந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். கண்ணீர் வந்துவிட்டது. "இல்லை, அத்தை. எனக்கே போக மனமில்லை. உங்கள் காலைச் சாக்காகச் சொன்னேன்" என்றேன்.

"ஏன் சொன்னாய்?"

"வீட்டிலிருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வெட்கமாயிருந்தது."

அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். வெற்றிலையை மடித்து வாயிலிட்டுக்கொண்டு, கடல் இருக்கும் திசையைப் பார்த்தவாறே, "எனக்கு அப்படி ஒரு காகிதம் யாரேனும் அனுப்பியிருந்தால் நான் போயிருப்பேன்" என்றார்.

அவ்வீட்டில் அவரும் என்னைப்போலவே நிறைவோடிருப்பதாக 18 ஆண்டுகளாக நான் எண்ணியிருந்தேன், ஒருநாளும் கேட்டதில்லை. மறுமொழி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. பால் கறக்கும் நேரமாயிற்றென்று அவரே எழுந்தார். பேருந்தில் என் மடியில் உறங்கிய சிறுவனின் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே கோலக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் அத்தை எழுத்துப் பழகத் தொடங்கினார். எனக்கு வியப்பு யாதெனில், பிள்ளைகளைத் திணறவைத்த 'ழ'வும் 'ஞ'வும் அவருக்கு ஒரே நாளில் வந்துவிட்டன. சிக்குக் கோலத்தின் வளைவுதானே என்றார். நேர்கோடுகள்தாம் அவரை வருத்துகின்றன. 'ட'வை எழுதும்போதெல்லாம் மூலையை வளைத்துவிடுகிறார். இரவில் என் மகள் அவருக்கு ஆசிரியை. மதிப்பெண் கொடுப்பதில் மிகக் கண்டிப்பானவள்.

இவ்வாண்டு அச்சுத்தாள் வந்தபோது 'தொழில்' என்னும் கட்டத்தில் 'இல்லறம்' என்று எழுதினேன். உறையை ஒட்டுமுன் அத்தையிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார். 'ற'வில் மட்டும் சிறிது தடுக்கிற்று.