தலை மாறிய கார்கள்

விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தலை மாறிய கதை ஞாபகம் இருக்கும். கோயிலில் இரண்டு பேர் தலையை வெட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். அம்மன் இரங்கி, தலைகளை உடலோடு பொருத்து, உயிர் வரும் என்கிறாள். அந்தப் பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது இவளுக்குப் புருஷன் யார்? தலையா, உடம்பா? எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம், அதனால் தலை யாருடையதோ அவன்தான் என்று ராஜா பதில் சொல்ல, வேதாளம் பழையபடி முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும்.

இதே கேள்வியை ஜப்பான்காரர்கள் கார்களை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

நிஸ்ஸான் கம்பெனி 1988-இல் சில்வியா எஸ்13 என்ற இரண்டு கதவுக் காரைக் கொண்டுவந்தது. ஒல்லியான முகம், வழக்கமான ஹெட்லைட். அடுத்த வருடம், 1989-இல், அதே அடித்தளத்தில் 180எஸ்எக்ஸ் என்று இன்னொரு கார் வந்தது. இதில் பின்பக்கம் மொத்தமாகத் தூக்கித் திறக்கிற ஹேட்ச்பேக். முன்பக்கம் பாப்-அப் ஹெட்லைட், அதாவது பகலில் பானெட்டோடு படுத்துக்கொண்டு, இரவில் சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி மேலே எழும் விளக்கு. இன்ஜினும் அடித்தளமும் பொது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி, முகமும் முதுகும் மட்டும் வேறு.

இரண்டுமே பின்சக்கரம் இழுக்கும் கார்கள். வாங்கியவர்களில் நிறையப் பேர் இளவட்டங்கள். ராத்திரியில் மலைப்பாதை வளைவுகளில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டுகிற 'டிரிஃப்ட்' பழக்கம் அங்கே பரவிய காலம் அது. சறுக்கினால் சில சமயம் தடுப்புக் கம்பியில் மூக்கு இடிக்கத்தானே செய்யும்?

இடித்தது 180எஸ்எக்ஸ் என்றால் செலவு அதிகம். விளக்கு மட்டும் போவதில்லை. தூக்கும் மோட்டார், கம்பி இணைப்பு, மூடி எல்லாம் சேர்ந்து போகும். சில்வியாவின் முகத்தில் அந்தச் சிக்கல் இல்லை, எடையும் குறைவு. "அண்ணன் முகத்தை எடுத்துத் தம்பிக்கு மாட்டினால் என்ன?" என்று பட்டறையில் யோசித்தார்கள். மாட்டினார்கள், பொருந்தியது. அந்தக் கலப்புக் காருக்கு 'சில்எய்ட்டி' என்று பேர் விழுந்தது. சில்வியாவின் 'சில்', 180-இன் 'எய்ட்டி'.

இது வெறும் மலிவு வேலையாக நின்றுவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. 1995-இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற படக்கதையில் உசுய் மலைப்பாதையில் இரண்டு பெண்கள் நீலநிற சில்எய்ட்டியில் பறப்பார்கள். 1998-இல் கிட்ஸ் ஹார்ட் என்ற நிறுவனம் இதையே புதுக் காராகச் செய்து, 500 மட்டும் என்ற வரம்போடு, நிஸ்ஸான் டீலர்கள் வழியாக விற்றது. பட்டறை ஒட்டுவேலை ஷோரூம் ஏறிய கதை! வணிகவியல் வகுப்பில் தேவையும் அளிப்பும் என்று கோடு போட்டுச் சொல்லித்தருவது இதைத்தான்.

சரி, இதற்கு நேர்மாறான ஆட்களும் இருந்தார்கள். சில்வியா வைத்திருப்பவன், அதைக் கழற்றிவிட்டு 180எஸ்எக்ஸின் பாப்-அப் முகத்தைத் தேடிப்பிடித்து மாட்டுவான். இதற்கு 'ஒன்வியா' என்று பேர். முன்பக்கம் 'ஒன் எய்ட்டி', பின்பக்கம் 'சில்வியா'. கணக்குப்படி பார்த்தால் இது சுத்த நஷ்டம். எடை கூடும், கெட்டுப்போகும் பாகங்கள் கூடும். விளக்கு எழுந்து நிற்கும்போது காற்றும் எதிர்த்து இடிக்கும். ஆனாலும் மாட்டினார்கள். ஏன்? விளக்கு எழும்போது கார் கண் விழிப்பது போல இருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கதை இன்னும் தமாஷ். அங்கே இதே கார் 240எஸ்எக்ஸ் என்ற பெயரில் போனது. கூபே, ஹேட்ச்பேக் இரண்டுக்கும் பாப்-அப் முகம்தான். அதாவது ஜப்பானில் ஒருவன் மெனக்கெட்டுச் செய்த ஒன்வியா, அமெரிக்காவில் ஃபேக்டரியிலிருந்தே வந்தது. அங்கிருந்த பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜப்பானிலிருந்து சில்வியா முகத்தைக் கப்பலில் வரவழைத்து மாட்டினார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை :-)

முகம் மாற்றுவது என்றால் நாலு நட்டு போல்ட் சமாச்சாரம் இல்லை. பானெட் வேறு, பம்பர் வேறு, இரண்டு பக்க ஃபெண்டரும் வேறு. விளக்கைத் தாங்கும் பட்டைகளும் மாறவேண்டும். பாப்-அப் போடுவதானால் மோட்டாருக்கு வயரிங் இழுத்து, ஏற்றி இறக்கச் சுவிட்சும் வைக்கவேண்டும். எல்லாம் முடிந்தபிறகு பெயின்ட். பழைய காரின் வெயில் பட்ட நிறத்தோடு புது பெயின்டை ஒத்துவரச் செய்வது தனிப் பாடு. கடைசியாக விளக்கின் குறியைச் சரிபார்க்கவேண்டும். ஒளி கொஞ்சம் மேலே போனாலும் எதிரே வருபவன் கண் கூசும். ஜப்பானில் 'ஷாகென்' என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்று வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதில் ஹெட்லைட்டின் குறியையும் பிரகாசத்தையும் அளந்து பார்ப்பார்கள்.

இவ்வளவு ஆசை எதற்கு என்றால், அந்த விளக்கு இனி எந்த ஷோரூமிலும் கிடைக்காது. அமெரிக்காவின் கார்ட் 810 என்ற கார்தான் இதற்கு மூத்தது. 1935 கடைசியில் காட்டினார்கள், 1936 மாடல். மோட்டார் கிடையாது, டாஷ்போர்டில் கைப்பிடியைச் சுற்றித்தான் விளக்கை ஏற்றவேண்டும். 1962-இல் வந்த லோட்டஸ் எலான் இன்ஜினின் வெற்றிடத்தால் விளக்கைத் தூக்கியது. குழாயில் கசிவு வந்தால் ஓடும்போதே விளக்கு தூங்கிவழியும்! பிறகு மின்மோட்டார் வந்தது. அது மக்கர் பண்ணினாலும் கையால் திருகி ஏற்ற வசதி வைத்தார்கள். ஒரு பக்க மோட்டார் மட்டும் நின்றுபோனால் கார் ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே ஊரைச் சுற்றும்.

அழகு மட்டும் காரணமில்லை. அமெரிக்காவில் 1940 மாடல்கள் முதல் 1983 வரை ஹெட்லைட் என்றால் சட்டம் சொன்ன அச்சு விளக்குதான். காருக்குத் தகுந்த வடிவத்தில் விளக்கு செய்யமுடியாது. விளக்குக்குக் குறைந்தபட்ச உயரமும் உண்டு. மூக்கு தாழ்ந்த காரில் அந்தப் பெரிய விளக்கை எங்கே வைப்பது? ஒளித்துவைத்தார்கள். 1983-இல் விதி தளர்ந்ததும் காரின் வளைவுக்கேற்ற விளக்குகள் வந்தன. ஒளித்துவைக்கும் தேவை போய்விட்டது.

கடைசி ஆணியை அடித்தது பாதசாரி. நடந்துபோகிறவர் மேல் கார் மோதினால், காலில் பம்பர் படும், உடம்பு சரிந்து தலை பானெட்டில் விழும். அந்த இடத்தில் கெட்டியான விளக்குப்பெட்டி துருத்திக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? ஐரோப்பாவில் 2003-இல் பாதசாரிப் பாதுகாப்புக்கென்றே சட்டம் போட்டு, 2005 முதல் புது மாடல்கள் அந்தச் சோதனையில் தேறவேண்டும் என்றார்கள். பாப்-அப் விளக்கைப் பெயர் சொல்லி யாரும் தடைசெய்யவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு தேறுவது கஷ்டம். பேர்சொல்லும் கார்களில் கடைசியாக இதைச் சுமந்தவை கார்வெட் சி5, லோட்டஸ் எஸ்ப்ரிட். இரண்டும் 2004-இல் நின்றன.

அதனால் ஒன்வியா செய்கிறவனை வெறும் ஷோக்குப் பேர்வழி என்று ஒதுக்கவும் முடியாது, முழுதாகக் கைதட்டவும் முடியாது. அவன் மாட்டுவது ஒரு காலத்தின் முகம். கூடவே, அந்தக் காலம் யோசிக்காமல் விட்ட ஓர் ஆபத்தையும் சேர்த்து மாட்டுகிறான். அவன் ரசிக்கும் அந்தக் கண்சிமிட்டலுக்கு விலை கொடுக்கவேண்டி வந்தால், கொடுப்பது அவனாக இருக்காது, ரோட்டைக் கடக்கிற யாரோ ஒருவராக இருக்கும். ஆசைப்படுவதில் தப்பில்லை. மெதுவாக ஓட்டுவதும், விளக்கின் குறியைச் சரியாக வைப்பதும் அந்த ஆசையின் வட்டி. அதைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

இப்போது வேதாளத்தின் கேள்விக்கு வருவோம். தலை மாறிய கார் எந்தக் கார்?

பேர் வைத்தவர்கள் ராஜா கட்சி. இரண்டு பெயரிலும் முகம்தான் முன்னால் நிற்கிறது, உடம்பு பின்னால் வருகிறது. ஆனால் சட்டத்தைக் கேட்டால் வேறு பதில். காரின் அடையாளம் உடம்பில் குத்திய சேசிஸ் எண். 2 லிட்டர் சில்வியாவுக்கு அது பிஎஸ்13 என்று தொடங்கும், அதே இன்ஜின் போட்ட 180எஸ்எக்ஸுக்கு ஆர்பிஎஸ்13. முகத்தை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எழுத்து மாறாது.

ரோட்டில் பார்க்கிறவனுக்குத் தலை, ஆர்சி புத்தகத்துக்கு உடம்பு. ஓட்டுகிறவனுக்கோ இரண்டுமே முன்னால் தெரியாது, ஸ்டீயரிங் மட்டும்தான் தெரியும். ஆனால் ராத்திரி சுவிட்சைப் போட்டதும் பானெட்டின் இரண்டு ஓரத்திலும் இமை திறப்பது அவன் கண்ணுக்குத் தெரியும். அத்தனை செலவும் அந்த ஒரு நொடிக்குத்தான்.