ஓர் எழுத்தும் மூன்று எண்களும்

சித்தி வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு மூச்சு இல்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சித்தி இருக்கிற இடத்தில் பேச்சு இல்லாமல் போவதாவது! அதுவும் பெண் ஆறு மாதக் கர்ப்பிணியாகப் பிறந்தகம் வந்திருக்கிற சமயத்தில்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். கூடத்தில் மாப்பிள்ளை தினசரியின் ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் படித்துக் கொண்டிருந்தார். சமையலறையில் என் தங்கை, அதாவது சித்தியின் பெண், சிவந்த கண்களுடன் நின்றாள்.

"அக்கா, இதைப் பாரேன்" என்று ஓர் ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டினாள்.

போன மாதம் வாந்தியும் மயக்கமுமாக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாளே, அந்தக் காகிதம். இன்ஷ்யூரன்ஸ் பணத்துக்கு எழுதிப் போடுவதற்காக மாப்பிள்ளை அதைப் புரட்டியிருக்கிறார். ஓரத்தில் 'ஓ98.1' என்று ஒரு குறியீடு. என்னவென்று கைபேசியில் தேடினார். 'கர்ப்ப காலத்தில் சிஃபிலிஸ்' என்று வந்தது. நம் பாட்டிமார் 'மேக நோய்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதேதான்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சித்தி என்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனாள். "நீ பத்திரிகையில் இருக்கிறவள், நாலு பேரைத் தெரியும். அந்த இடத்தில் காய்ச்சல் என்று மாற்றி எழுதச் சொல்லேன்" என்றாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: மறுநாள் தங்கையை அழைத்துக்கொண்டு நான் கிளம்பியது அந்த எண்ணத்துடன்தான்.

ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"தப்பு இருந்தால் திருத்தலாம், அம்மா. இல்லாத வியாதியை எழுதச் சொல்லாதீர்கள்" என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். 1893-ஆம் வருஷம், பாரிஸ் நகரத்துப் புள்ளி விவர அதிகாரி ழாக் பெர்ட்டியோன், மனிதர்கள் எந்தெந்தக் காரணங்களால் சாகிறார்கள் என்பதற்கு ஒரு பட்டியல் தயாரித்தாராம். அதன் வழித்தோன்றலைத்தான் இன்று உலக சுகாதார நிறுவனம் பராமரித்து வருகிறது. 1990-இல் அதன் பத்தாவது திருத்தத்தை ஏற்றார்கள். பதினோராவது 2022 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. எங்கள் காகிதம் பத்தாவதன்படி எழுதியது. அதில் ஏ50 முதல் ஏ53 வரை சிஃபிலிஸ். நோயாளி கர்ப்பிணியானால் ஓ98.1. எந்த ஊர் டாக்டர் பார்த்தாலும் ஒரே அர்த்தம்.

"சரி, இவளுக்கு ஏன் அது?" என்றேன்.

கட்டைப் பிரித்தார். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். என்பது ஒன்று. டாக்டர் எழுதியிருந்தது ஒரே வரி: 'வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ்.'

"சோதனை பாஸிடிவ் என்று மட்டும் இருந்தாலும் ஏ53.0-இல் சேர்க்கச் சொல்கிறது புத்தகம். டாக்டர் எழுதியதற்குத்தான் நாங்கள் எண் போடலாம். எழுதாததை நாங்களாக ஊகிக்க அதிகாரம் இல்லை" என்றார் பெரியவர்.

ஆனால் அதே கட்டின் அடியில் இன்னொரு காகிதம் கிடந்தது. தங்கை வீடு திரும்பிய பிறகு வந்த டி.பி.எச்.ஏ. என்ற இரண்டாவது சோதனையின் முடிவு. 'நெகடிவ்.' யாரும் அதை டாக்டர் பார்வைக்குக் கொண்டு போகவில்லை!

டாக்டர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். "முதல் சோதனை கிருமியை நேராகத் தேடுவதில்லை. கர்ப்பம், மலேரியா, வேறு சில நோய்கள் இவற்றாலும் பொய்யாகப் பாஸிடிவ் காட்டும். இரண்டாவதுதான் அந்தக் கிருமிக்கென்றே உள்ள சோதனை. எதற்கும் எட்டாம் மாதத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுவோம்" என்றார்.

நான் சித்தியின் யோசனையையும் மெல்ல எடுத்துவிட்டேன்.

"நல்ல யோசனை!" என்று சிரித்தார். "வியாதி நிஜமாகவே இருந்து, நான் காய்ச்சல் என்று எழுதியிருந்தால்? அடுத்த டாக்டர் ஏமாந்து போவார். பிரசவத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னால் பென்ஸிலின் ஊசி போட்டால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். ஆரம்ப நிலையில் இருபத்து நாலு லட்சம் யூனிட், ஒரே தடவை போதும். மானத்துக்குப் பயந்து மறைத்தால், குழந்தையின் காகிதத்தில் ஏ50 என்று எழுத நேரும். பிறவியிலேயே வந்த சிஃபிலிஸ் என்று அர்த்தம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிறகு தங்கையிடம், "உன் கணவரையும் இரத்தம் கொடுக்க வரச் சொன்னேனே, வந்தாரா?" என்றார்.

தங்கை தலையைக் குனிந்து கொண்டாள். வரவில்லை. அந்தக் குறியீடு யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எதையும் சொல்வதில்லை. அதையெல்லாம் மாப்பிள்ளை தாமாகவே படித்துக்கொண்டார்!

டாக்டர் தம் குறிப்பை எழுதிக் கையெழுத்திட்டார். பெரியவர் பழைய குறியீட்டின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஆர்76.2 என்று எழுதினார். சிஃபிலிஸ் சோதனை பொய்யாகப் பாஸிடிவ் காட்டியது என்று பொருள்.

"கோட்டுக்கு அடியில் தெரிகிறதே, அழித்துவிடக் கூடாதா?" என்றாள் தங்கை.

"அழித்தால் மறைத்தது ஆகும், அம்மா. கோடு போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டால்தான் திருத்தியது ஆகும்."

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். மறுநாள் விடியற்காலையில், காப்பிகூடக் குடிக்காமல், இரத்தம் கொடுக்கப் போனார். அவருக்கும் ஒன்றுமில்லை. அன்று மாலை, கோடு போட்டுத் திருத்தக் கற்றுக்கொண்டவர் போல, எல்லோருக்கும் முன்னால் மனைவியிடம், "நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். சித்தி வீட்டில் பேச்சு திரும்பியது. அப்புறம் நிற்கவே இல்லை.

எட்டாம் மாதச் சோதனையும் நல்லபடியாக முடிந்தது. சுகப் பிரசவம், பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக் காகிதம் வந்ததும் மாப்பிள்ளை மறுபடி கைபேசியை எடுத்தார். எனக்குத் திக்கென்றது.

இந்தத் தடவை உரக்கவே படித்தார்: "இஸட்37.0. ஒரு குழந்தை, உயிருடன் பிறந்தது."