எட்டாவது சர்வர்

(மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், ஜோக் இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். நடுவில் இது என்ன என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நாளைக்கு வேலைக்குப் போகப்போகிற நம் தலையில் விடியக்கூடிய விஷயம் இது.

'என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் கவர்னன்ஸ்' என்ற பெயரை நான் முதலில் கேட்டது இன்-பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா, "ஆர்க்கிடெக்டா? அது எங்க வேலையாச்சே! நீ கம்ப்யூட்டர்தானடா படிக்கிற?" என்று சிரித்தார். அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்.

பெயர்தான் பெரிசு. ஒரு பெரிய கம்பெனியில் சம்பளத்துக்கு ஒரு சாஃப்ட்வேர், ஸ்டோருக்கு ஒன்று, பில் போட ஒன்று என்று நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். எது எதோடு பேசுகிறது, எதற்கு யார் பொறுப்பு, எதை எப்போது தூக்கிப் போட வேண்டும் என்பதற்கு ஒரு வரைபடம் வேண்டும். அதுதான் ஆர்க்கிடெக்சர். ஐ.பி.எம்.மில் இருந்த ஜான் ஸாக்மன் 1987-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1995-இல் 'டோகாஃப்' என்ற வழிமுறை வெளிவந்தது. வரைபடம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் கவர்னன்ஸ். இதற்குமேல் தியரி வேண்டாம். நடந்த கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் 'நைட் கேப்பிடல்' என்று பங்கு வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனி இருந்தது. ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் அவர்களுடைய சாஃப்ட்வேரின் பெயர் 'ஸ்மார்ஸ்'. அதற்குள் 'பவர் பெக்' என்று ஒரு பழைய பகுதி. 2003-இல் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்களே தவிர அழிக்கவில்லை! 2005-இல், ஆர்டர் முழுசாக நிறைவேறிவிட்டதா என்று எண்ணிப் பார்க்கும் பகுதியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு பவர் பெக் சரியாக ஓடுமா என்று யாரும் டெஸ்ட் செய்யவில்லை. ஓடாத வண்டிக்கு பிரேக் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல.

2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதிய திட்டம் தொடங்குவதாக இருந்தது. அதற்காகப் புது கோட் எழுதினார்கள். பவர் பெக்கை இயக்க முன்பு வைத்திருந்த அதே ஃப்ளாக்கைப் புது வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 27 முதல் அதைச் சர்வர்களில் ஏற்றினார்கள். மொத்தம் எட்டு சர்வர். ஒரு டெக்னீஷியன் ஏழில் ஏற்றினார், எட்டாவது விட்டுப்போனது. இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த விதியும் அந்தக் கம்பெனியில் இல்லை.

ஆகஸ்ட் 1 காலை 8.01-க்கே அவர்களுடைய சிஸ்டம் தானாக ஈமெயில் அனுப்ப ஆரம்பித்துவிட்டது. சந்தை திறக்கும் 9.30-க்குள் 97 ஈமெயில்! பவர் பெக்கின் பெயரே அதில் இருந்தது. எச்சரிக்கை மணியாக நினைத்து அமைத்த ஈமெயில்கள் அல்ல அவை. அதனால் யாரும் பார்க்கவில்லை. மணி 9.30. ஏழு சர்வர் ஒழுங்காக வேலை செய்தது. எட்டாவதில் ஒன்பது வருடம் தூங்கிய பவர் பெக் எழுந்துகொண்டது. ஆர்டர் முடிந்துவிட்டது என்றே அதற்குத் தெரியாது. அனுப்பிக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் நல்ல ஏழு சர்வர்களிலிருந்தும் புது கோடை எடுத்தார்கள். எட்டிலும் பூதம் கிளம்பிவிட்டது!

212 ஆர்டருக்காக, சுமார் 45 நிமிடத்தில், 154 கம்பெனிகளின் 39 கோடிக்கும் அதிகமான பங்குகளில் 40 லட்சம் வர்த்தகம். நஷ்டம் 46 கோடி டாலர். சில நாட்களில் வெளியாரிடம் பணம் வாங்கித்தான் கம்பெனி பிழைத்தது. 2013-இல் வேறொரு கம்பெனியோடு இணைந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பலர், 'ஒரு டெக்னீஷியன் மறந்தான், கம்பெனி கவிழ்ந்தது' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. தோழர்களே, அந்த டெக்னீஷியன் யார்? நம்மைப் போல ஒருவர்தானே! டிப்ளமோ முடித்தால் நமக்குக் கிடைக்கப்போகும் நாற்காலி பெரும்பாலும் அதுதான். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் கொடுத்த உத்தரவில் அவர் பெயரே இல்லை. 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது கம்பெனிக்குத்தான். இப்படி ஒன்று நடக்காமல் தடுக்கும் கட்டுப்பாடுகளை வைக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. சரியான தீர்ப்பு.

பவர் பெக்குக்கு 'ஓனர் யார், நிறுத்தியது எப்போது, அழிப்பது எப்போது' என்று ஒரு பதிவேட்டில் ஒரு வரி இருந்திருந்தால்? இருந்தும் அந்தப் பதிவேடு பீரோவில் தூங்கியிருந்தால் பயன் இல்லை. பழைய ஃப்ளாக்கைத் தொடும்போதே அந்த வரி கண்முன் வந்து நிற்க வேண்டும். எட்டிலும் ஒரே வெர்ஷன் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்கே போக முடியாதபடி வேலை அமைந்திருக்க வேண்டும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. "கம்பி செக்கிங் ஆகாம நாங்க கான்கிரீட் போடமாட்டோம்பா. கலவை ரெடியா இருந்தாலும் இன்ஜினியர் வந்து பாக்கணும். போட்ட பிறகு உள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். சோதனையை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

நான் டிரெயினிங் போன இடத்தில் ஃபாரம் எல்லாம் பக்காவாக இருந்தது. மாற்றத்தைக் கேட்டவர், செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என நான்கு கட்டம். நம் முதலாமாண்டு டிராயிங் ஷீட் மூலையில் இருக்குமே, அதே மாதிரி. ஆனால் வேலை திங்கட்கிழமையே முடிந்துவிடும். கையெழுத்து வெள்ளிக்கிழமை மொத்தமாக வாங்குவார்கள். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் நம்மைப் போல டிப்ளமோ முடித்த ஒரு அண்ணன். "அண்ணே, இதெல்லாம் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாக்கறதுக்கு எனக்கு லாகினே கிடையாது தம்பி" என்றார். பிறகு டீ குடிக்கக் கூட்டிப்போனார். அந்த டீ எனக்கு இறங்கவில்லை.

'ஒவ்வொன்றுக்கும் கமிட்டி என்றால் வேலை நடக்குமா?' என்று ரூம்மேட் சண்டைக்கு வருகிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்திக் கேள்வி கேட்டால் ஜனங்கள் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். அதனால்தான் டோகாஃப்பிலேயே விதிவிலக்கு தர இடம் இருக்கிறது. ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. சின்ன மாற்றத்துக்கு மெஷினே சோதித்து அனுப்பிவிடலாம். பழைய ஃப்ளாக்கைத் தொடுகிற மாதிரி வேலைக்கு மட்டும் நாலு பேர் உட்காரட்டும்.

கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிறது. கடைசியில் "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்பார்களாம். நான் ஒன்றுதான் கேட்கப்போகிறேன்: "சார், இங்க சரிபார்ப்பவர் கட்டத்துல கையெழுத்துப் போடுற ஆளுக்கு லாகின் உண்டா?" ரூம்மேட் சொல்கிறான், "உனக்கு வேலை கிடைச்ச மாதிரிதான்!" கேட்டுத்தான் பார்ப்போமே!