பிடியரிசி முட்டி

எங்கள் அடுப்படியில் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்முட்டி இருக்கும். கழுத்தில் மஞ்சள் துணி சுற்றி, வாயைச் சிரட்டையால் மூடி வைத்திருப்பார்கள். உலை வைக்கும்போது அம்மம்மா சுண்டால் அரிசி அளந்து சுளகில் கொட்டுவார். கழுவுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். அள்ளிய கையை உடனே முட்டிக்குள் விடமாட்டார். கண்ணை மூடி, கையை நெஞ்சுக்கு நேரே ஒரு மூச்சு நேரம் வைத்திருப்பார். பிறகு சிரட்டையை விலக்கிப் போடுவார். விரலிடுக்கில் ஒட்டிக்கொண்ட இரண்டொரு மணியையும் தட்டிவிட்ட பிறகுதான் கையை எடுப்பார். வேளாண்மை வெட்டி வீடு நிறைய நெல் கிடந்த நாட்களிலும் அதே பிடிதான். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி உலை வைத்த நாட்களிலும் அதே பிடிதான்.

அந்தப் பிடி என் பெயரில் விழுந்தது.

எனக்கு நாலு வயதில் கொப்பளிப்பான் கண்டது. எங்கள் பக்கத்தில் அதை அம்மாள் வருத்தம் என்பார்கள். வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்து தங்கியிருப்பதுபோல, ‘அம்மாள் வந்திருக்கா’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். தாளிப்பு, பொரியல் எல்லாம் நின்றுபோகும். வாசலில் வேப்பிலை தொங்கும். காய்ச்சலில் நான் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றிக்கொண்டு கிடந்தேனாம். தேறி எழும்பிய அந்த வருடச் சடங்கில் அம்மம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய், கண்ணகை அம்மன் கோயில் வாசலில் பூசாரியான கட்டாடியாரின் கையில் கொடுத்து அம்மனுக்கு விற்றுவிட்டார். பிறகு காசு வைத்து, அம்மனிடமிருந்தே என்னை வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளை விற்று வாங்குதல் என்று அதற்குப் பெயர். வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரத்துக்குள் விற்பனையும் முடிந்திருக்கும், வாங்கலும் முடிந்திருக்கும். அம்மம்மாவின் கணக்கில் மட்டும் அது முடியவே இல்லை. “நீ அவட புள்ள. நாங்க வளக்கிறம், அவ்வளவுதான்” என்பார். அவளுடைய பிள்ளைக்குச் சமைக்கிற சோற்றில் அவளுக்கு ஒரு பிடி. அன்றாடம் அளந்து, வருடா வருடம் சடங்குக்கு முட்டியோடு கோயிலுக்குப் போகும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. இரண்டு கரையிலும், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரையிலும் கண்ணகைக்குக் கோயில்கள் உண்டு. அந்த ஊர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பாடும் ஊர்சுற்றுக் காவியம் ஒன்றே இருக்கிறது. ஆகமக் கோயில்களில் நடப்பது திருவிழா. கண்ணகைக்கு நடப்பதை நாங்கள் சடங்கு என்றுதான் சொல்வோம். வைகாசியில் கதவு திறத்தல், கலியாணக்கால் நடுதல், நெல்லுக்குத்து, கடைசியில் குளிர்த்தி. சில நாட்கள் ஊரே கோயிலாக இருக்கும். பிறகு கதவு சாத்தப்படும். அடுத்த வைகாசி வரைக்கும் அவள் உள்ளே தனியாக இருப்பாள்.

கயவாகு வேந்தன் சேரன் செங்குட்டுவனின் விழாவுக்குப் போய்ப் பத்தினியான கண்ணகியின் வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்த செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்யோ என்று இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் காலத்துச் சைவச் சீர்திருத்தம் கண்ணகியை ஒரு வணிகக் குலத்துச் சமணப் பெண்ணாகத்தான் பார்த்தது. அங்கே அவளுடைய பல கோயில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் வேறு அம்மன்கள் என்றும் பெயர் மாறின. நாவலர்மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் எங்கள் பக்கத்தார் கண்ணகை என்ற பெயரை விடாமல் வைத்திருந்தது பெரிய காரியம் என்று நினைக்கிறேன். நீதி கேட்டு அரசன் வாசலுக்குப் போன ஒரு பெண், அந்தப் பெயரோடேயே தெய்வமாக நிற்க வேண்டும்.

இதெல்லாம் பிற்காலத்தில் எனக்கு வந்த எண்ணம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கப் போன நாட்களில், கொப்பளிப்பான் ஒரு வைரசு நோய் என்பதைத் தவிர அதைப்பற்றி எனக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை. சடங்குக்கு ஊருக்கு வந்தால் கோயில் வீதியில் கூட்டாளிகளோடு கதைத்துக்கொண்டு நிற்பேன். பந்தலுக்குள் போகமாட்டேன். அம்மம்மா ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. அவர் 1988இல் கண்ணை மூடினார். எட்டுக் கழிந்த மறுநாள் காலை அம்மா அரிசி அளந்தார், ஒரு பிடி அள்ளினார், நெஞ்சுக்கு நேரே வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை அப்படியே கை மாறியது.

2007 மார்ச் மாதம் போர் நெருங்க, எங்கள் ஊரோடு படுவான்கரை ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர்ந்தன. வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் அப்போது கிடையாது. அது 2014இல்தான் வந்தது. துறையில் தோணிக்கும் மிதவைப் பாதைக்கும் சனம் நெருக்கியடித்தது. ஷெல் விழும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. அடையாள அட்டைகளும் சான்றிதழ்களும் இருந்த பை என் தோளில். அம்மாவின் மடியில் முட்டி. தோணி ஆடியபோது அவர் ஒரு கையால் தோணி விளிம்பைப் பிடித்தார், மறுகையால் சிரட்டையை அழுத்திப் பிடித்தார். எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்று நான் மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அரிசி கிடக்கும் ஒரு மண்சட்டியை இவர் தூக்கி வந்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்திலும் முற்றத்துத் தறப்பாள் கூடாரங்களிலும் இருந்தோம். நிவாரண அரிசி தந்தார்கள். மூன்று கல் வைத்து உலை ஏற்றிய முதல் நாள், அம்மா அந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி அள்ளினார்.

“இது நிவாரண அரிசி அம்மா. இதுலயுமா?”

“எந்த அரிசி எண்டா என்ன மகன், உலை வைக்கிறம்தானே.”

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. இல்லாதபோதும் கொடுக்கிற கை ஒன்றை நான் அவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை. அவரைச் சுற்றி எல்லாமே பறிபோய்க் கிடந்தது. அந்த நடுவில் தானாக ஒன்றைக் கொடுக்கிற இடத்தில் அவர் இருந்தார். என்னால் அந்த இடத்துக்குப் போக முடியவில்லை.

அந்த வைகாசியில் எங்கள் ஊர்க் கோயில் கதவு திறக்கவில்லை. திறப்பதற்கு ஊரில் ஆள் இல்லை.

கதவு வருடத்துக்கு ஒருமுறை திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். திறக்காத வருடம் எப்படி இருக்கும் என்று தெரியாது. குளிர்த்தி நடந்திருக்க வேண்டிய பூரணை நாளில் முகாமில் ஒரு விதமான அமைதி இருந்தது. அம்மாவின் வயதுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கூடாரத்தில் கூடி உட்கார்ந்திருந்தார்கள். உடுக்கு இல்லை, சிலம்பு இல்லை, கட்டாடியாரும் வேறொரு முகாமில். ஒரு கிழவி குளிர்த்திப் பாட்டைத் தொடங்கினார். மற்றவர்கள் மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மஞ்சள் கரைத்த தண்ணீர், அதற்குள் வேப்பங்கொத்து. பாட்டு முடிந்ததும் குரவையிட்டு, அந்தத் தண்ணீரை எல்லார்மீதும் தெளித்துக்கொண்டு வந்தார்கள். நான் கூடாரத்துக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெளிக்கும் கை என் பக்கம் வந்தபோது நான் குனிந்து தலையைக் கொடுத்தேன்.

அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தலை குனிந்தது, அவ்வளவுதான். முதலில் நம்ப வேண்டும், பிறகு கும்பிட வேண்டும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். நம்பாமல் கும்பிடுவது பொய் என்று பிடிவாதமாக ஒதுங்கி நின்றதும் அதனால்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் நடந்த வழி வேறு. கடனை முதலில் கட்டினார்கள். அள்ளி அள்ளிப் போட்ட கை வழியாக அது மெல்ல உள்ளே இறங்கி அவர்களுடைய நம்பிக்கை ஆயிற்று. எனக்கும் அப்படித்தான் நடந்தது. கொஞ்சம் பிந்தி நடந்தது.

அடுத்த வைகாசியில் கதவு திறந்தது. பந்தலுக்குள் உட்கார்ந்து முழு வழக்குரையையும் முதல்முறையாக அந்த வருடம்தான் கேட்டேன். கண்ணகி வழக்குரை எங்கள் பக்கத்துக் காவியம். ஏட்டில் இருந்ததைப் பண்டிதர் வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். சிலப்பதிகாரத்தின் கதைதான் என்றாலும் போகிற வழி வேறு. இங்கே கண்ணகி மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். சிலம்புக்கு மணி தேடிக் கப்பல் கடலோடுகிறது. கொலைக்களத்துக்குப் பிறகு, வெட்டுண்ட கோவலன் கொஞ்ச நேரம் உயிர் பெற்றுப் பேசுகிற ஒரு காதையும் உண்டு. உடுக்கு அடித்து அந்த இடத்தைப் பாடும்போது பந்தலில் ஒருவரும் அசைவதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் சிலருடைய பிள்ளைகள் எங்கே என்று இன்றுவரை தெரியாது. ஒரு சொல் கேட்டுவிட்டுப் போக அவன் திரும்பி வரமாட்டானா என்பது அவர்களுக்குக் கதை கிடையாது. கண்ணகி சிலம்போடு அரசவைக்குப் போகும் காதை வந்தபோது, அந்தப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். கருவறையில் இருப்பது யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மதுரையை எரித்த பிறகும் அடங்காத அவளுடைய கொதிப்பை இடைக்குலப் பெண்கள் வெண்ணெயும் பாலும் கொண்டு ஆற்றுகிறார்கள். அதுதான் குளிர்த்தி. அவளுடைய கோபம் தவறு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. வழக்கை முழுவதும் கேட்டு முடித்த பிறகுதான் ஆற்றுகிறார்கள். எத்தனையோ தத்துவ நூல்களைப் பின்னால் புரட்டியிருக்கிறேன். கோபம் கொண்ட ஒருத்திக்கு முன்னால் எப்படி நிற்பது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னது வேறொன்றில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். வகுப்பில் வைரசு என்று எழுதிவிட்டு வீட்டில் வேப்பிலை கட்டுவதில் எனக்கு நெடுநாள் ஒரு கூச்சம் இருந்தது. கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதிக்குப் போய் உட்கார்ந்து வந்த நாட்களில் அது கரைந்தது. கண்ணகை கோயில் கொண்ட காரைதீவில் 1892இல் பிறந்து, மயில்வாகனம் என்ற பெயரோடு படித்து, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர். 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. தேறினார், 1924இல் இராமகிருஷ்ண மிஷனில் துறவியானார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் துருவிக்கொண்டு போன ஆராய்ச்சிதான் யாழ் நூலாக விரிந்தது. நரம்பு நரம்பாகக் கணக்குப் போட்டு எழுதிய நூல் அது. 1947 ஜூனில் அதைத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் தேதி, உடலை விட்டார். கண்ணகியின் ஊரில் பிறந்த பிள்ளை ஆயுளில் பல வருடங்களை அவளுடைய காவியத்தோடு செலவழித்திருக்கிறார். அவரிடத்தில் கணக்கும் கும்பிடும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. எனக்கு ஏன் இடிக்க வேண்டும்?

ஆவணியில் மண்டூருக்கும் போவேன். குருமண்வெளித் துறையில் பாதை ஏறி வாவியைக் கடக்க வேண்டும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அருச்சனைத் தட்டோடு நிற்கும் சனமுமாகப் பாதை மெதுவாக நகரும். மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் காதில் விழாது. திரையும் விலகாது. இவ்வளவு தூரம் வந்தவனுக்குக் காட்டுவது ஒரு திரைச்சீலையைத்தான். இளவயதில் இதைத்தான் பெரிய ஏமாற்று என்று கூட்டாளிகளிடம் வாதாடினேன். இப்போது அந்தத் திரைக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை. வாய் கட்டியவருக்கு முன்னால் நாமும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். அந்த அமைதியில் அம்மம்மா அரிசிப் பிடியோடு நின்ற அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு ஞாபகம் வரும்.

அம்மா போய் இப்போது சில வருடங்கள் ஆகின்றன. பழைய முட்டி இடம்பெயர்விலும் உடையவில்லை. வீட்டில் அரிசி அளப்பது என் மனைவி. பிடி அள்ளுவது நான். என் கை அம்மம்மாவின் கையைவிடப் பெரியது என்பதால் முட்டி வைகாசிக்கு முன்பே நிறைந்துவிடும். நிறைந்த பிறகு அள்ளும் பிடியை ஒரு பையில் போட்டு வைக்கிறோம்.

இந்த வருடமும் குளிர்த்தி நாளன்று முட்டியையும் பையையும் எடுத்துக்கொண்டு போனேன். கோயில் மண்டபத்தில் விரித்திருந்த பாயில் ஊரார் தங்கள் தங்கள் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பரிசி, வெள்ளையரிசி, சம்பா, கடைச் சரக்கு எல்லாம் ஒரே குவியல். என்னுடையதையும் கொட்டினேன். கொட்டிய கணமே எது என்னுடையது என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. குளிர்த்தி முடிந்து, தண்ணீர் தெளித்து, கட்டாடியார் கதவைச் சாத்தியபோது விடியப் போகிற நேரம். முட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாவிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன்.

காலையில் மனைவி அரிசி அளந்து சுளகைத் தள்ளி வைத்தாள். ஒரு பிடி அள்ளி, வைத்திருந்து, போட்டேன். வெறும் முட்டியின் அடியில் அரிசி விழுகிற சத்தம் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கேட்கும். கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.