தொழிற்பேட்டை கண்ட அமைச்சர், நாட்டின் தலைவர்

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளின் வளர்ச்சியில் பெரும்பங்கு ஆர். வெங்கட்ராமனுக்கு உண்டு. 1957 முதல் 1967 வரை அவர் மாநிலத் தொழில் அமைச்சர். பின்னர் மத்தியில் நிதி, பாதுகாப்புத் துறைகளை வகித்து, 1984இல் குடியரசுத் துணைத் தலைவரானார்.

1987இல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்குக்கும் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் உரசல் முற்றியிருந்ததால், அடுத்த குடியரசுத் தலைவர் யார் என்ற பேச்சு நாடெங்கும் சூடுபிடித்தது. காங்கிரஸ் வெங்கட்ராமனை நிறுத்தியது. எதிர்த்து நின்றவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். இத்தேர்தலில் மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே வாக்காளர்கள். அதனால் கட்சிகளின் பலமே முடிவைத் தீர்மானிக்கிறது.

வெங்கட்ராமன் எளிதாக வென்று ஜூலை 25 அன்று பதவியேற்றார். ஐந்தாண்டுகளில் நான்கு பிரதமர்களைக் கண்டும் அரசியலமைப்பின் வரம்பைக் காத்தார். அம்பத்தூர் பெருமையோடு நினைக்க வேண்டிய பெயர் இது.