உப்பு வேர்க்கும் நேரம்

மார்ச் 17, இரவு. திண்டிவனம்.

சாயங்காலம் டிரைவர் தம்பி போன் செய்தான். மரக்காணம் உப்பளத்தில் படப்பிடிப்பு. கேரவனின் ஸ்லைடு, அதாவது பக்கவாட்டில் நீளும் அறை, வெளியே போய் நின்றுவிட்டது; உள்ளே வரவில்லை. குரலிலேயே பதற்றம் தெரிந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு இதே கோளாறுக்கு வேறொருவர் ஒரு மோட்டாரை மாற்றியிருக்கிறார். "சுவிட்சை அழுத்திப் பிடிச்சே எரிச்சுட்ட" என்று சொல்லி, முதலாளி அதன் விலையில் பாதியை இவன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டாராம்.

சாலையில் ஓடும் வண்டி 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்த அகலத்துக்குள் கட்டில், மேக்கப் கண்ணாடி, சோபா எல்லாம் போட்டால் ஆள் திரும்ப இடமிருக்காது. அதனால்தான் வண்டியை நிறுத்திய பிறகு, சுவரின் ஒரு பகுதியை மேசை டிராயர் மாதிரி வெளியே தள்ளும் ஏற்பாடு. 12 வோல்ட் பேட்டரி, பக்கத்துக்கு ஒரு மோட்டார், பல்சக்கரம், எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒரு கண்ட்ரோல் பெட்டி. அறை வெளியே நீண்டிருக்கும்போது வண்டியை ஓர் அடிகூட நகர்த்த முடியாது.

போனிலேயே மூன்று கேள்வி கேட்டேன். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறாயா? சாவி எந்த நிலையில் இருக்கிறது? இந்த இரண்டும் சரியாக இல்லாவிட்டால் பல வண்டிகளில் ஸ்லைடு அசையவே அசையாது. பாதி அழைப்புகள் இதிலேயே முடிந்துவிடும். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. மூன்றாவதாக, "சுவிட்சை அழுத்தும்போது உள்ளே எரியிற லைட்டு மங்குதா?" என்றேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "இல்லண்ணே, அப்படியேதான் எரியுது" என்றான்.

விளக்கு மங்கியிருந்தால் பேட்டரி மேல் சந்தேகம் போயிருக்கும். மங்கவில்லை. பேட்டரியில் சரக்கு இருக்கிறது, அது போய்ச் சேரும் வழியில்தான் எங்கோ தடை. அடுத்தவர் கையில் ஸ்பேனர் போவதற்குள் நான் போய்விட வேண்டும்.

மார்ச் 18, மாலை. மரக்காணம்.

திண்டிவனத்திலிருந்து சுமார் 35 கி.மீ. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாத்திகள், கண்ணைக் கூசும் வெள்ளை. சென்னைப் பக்கமிருந்து இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் வந்து முடிகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தப் பாத்திகள் எல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்து, வரப்பைத் திரும்பக் கட்டி, தரையை மிதித்து இறுக்கி, பிறகுதான் உப்பு எடுத்திருக்கிறார்கள். பாத்தியில் இறங்கி வேலை பார்ப்பவர்களைப் பார்க்கும்போது அது நினைவில் வராமல் போகாது.

கேரவன் பாத்தி ஓரத்து மண் பாதையில் நின்றது. மீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6. மோட்டாருக்கு வரும் ஒயரிலும் 12.6. முன்பு பார்த்தவரும் இதே எண்ணைப் பார்த்துவிட்டுத்தான், கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவு செய்திருப்பார். தவறு நடப்பது இந்த இடத்தில்தான். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமேயில்லை. ஒயரில் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12.6 என்றுதான் காட்டும். மோட்டார் இழுக்கிறபோது அளந்தால்தான் உண்மை தெரியும்.

தம்பியை சுவிட்சை அழுத்தச் சொன்னேன். பேட்டரியில் 12.1, அது நியாயம். மோட்டார் முனையில் 8.9. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. பாசிட்டிவ் வழியை அளந்தேன்: 0.3 மட்டும். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை மோட்டாரின் நெகட்டிவிலும் வைத்தேன். சும்மா இருக்கும்போது பூஜ்யம். சுவிட்சை அழுத்தியதும் 2.9.

எர்த்.

வண்டிக்கடியில் படுத்துத் தேடினேன். பின்சக்கரத்துக்குப் பின்னால், டயர் வாரியடிக்கும் இடத்திலேயே, சேஸிஸில் ஒரு போல்ட். அதில் மோட்டார்களின் எர்த் ஒயர் லக். மேலே பெயின்ட் அடித்து அழகாகத்தான் இருந்தது. விரலால் தொட்டேன், சுட்டது. கிளாம்ப் மீட்டரில் 28 ஆம்பியர். 2.9 வோல்ட்டும் 28 ஆம்பியரும் என்றால் சுமார் 80 வாட். ஒரு சீலிங் ஃபேன் தின்னும் மின்சாரம் இந்த ஒரு போல்ட்டில் சூடாகிக் கரைந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டால் தடை ஓமில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரண மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் அதன் சொந்த ஒயரின் தடையே அந்த அளவுக்கு வரும், இந்தக் கோளாறு கண்ணில் படாது.

போல்ட்டைக் கழற்றினேன். லக்கின் அடியில் பச்சை மாவு, அதன் கீழே இரும்பில் செதில் செதிலாகத் துரு. ஒயரின் ரப்பரைச் சீவினால் உள்ளே செம்பு ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருந்தது. நல்ல செம்பு வரும் வரை வெட்டினேன். இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று உலோகம் தெரிந்த பிறகு, ஈயம் பூசிய புது லக்கை அழுத்திக் கட்டி, மேலே கிரீஸ்.

எர்த் வழியில் 2.9 இருந்த இடத்தில் இப்போது 0.1. மோட்டார் முனையில் 11.7. அறை சத்தமில்லாமல் உள்ளே வந்தது, வெளியே போனது. தம்பி கைகூப்பிவிட்டான். ராத்திரி இங்கேயே தங்கிக்கொள்ளச் சொன்னான், நானும் சரியென்றேன்.

மார்ச் 19, காலை. அதே இடம்.

ஐந்தேகால் மணிக்கு எழுப்பினான். "அண்ணே, மறுபடியும் நின்னுடுச்சு."

ஒரு சாண் நகர்ந்ததும் இடப்பக்கம் பின்தங்குகிறது, வலப்பக்கம் முந்துகிறது, பெட்டி கீக் கீக்கென்று கத்தி நிறுத்திவிடுகிறது. எர்த்தை அளந்தேன்: 0.1, நேற்று விட்டபடியே. அப்படியென்றால் இது இரண்டாவது கோளாறு. ஒன்று கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தது என் பிழை. முதல் நாள் மத்தியானம் ஓடி மறுநாள் காலையில் நின்றது என்று அவன் போனிலேயே சொன்னான். நேற்று நான் சரிசெய்து பார்த்ததும் வெயிலில்தான். நேரத்தைக் கேட்டுக்கொண்டேன், யோசிக்கவில்லை.

யோசித்தபடி பாத்தி வரப்பில் நின்றேன். ஆட்கள் டார்ச்சோடு இறங்கியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும். குவித்திருந்த உப்பில் கை வைத்தேன், ஈரம் ஒட்டியது. "ராத்திரி மழை தூறுச்சாக்கா?" என்று கேட்டேன்.

"தூறலெல்லாம் இல்ல தம்பி. விடியக்காலைல உப்பு வேர்க்கும். வெயில் ஏறினா காஞ்சிடும்."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கச்சா உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். கடற்கரையில் விடியும் வேளையில் எல்லா உப்பும் வேர்க்கும். வண்டிக்குள் புகுந்த உப்பும் அப்படித்தான்.

எங்கே புகுந்திருக்கும்? ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் சுற்று எண்ணும் ஹால் சென்சார் உண்டு. எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879இல் கண்ட காந்த விளைவு; இன்று வண்டிக்கு வண்டி இருக்கிறது. இரண்டு மோட்டாரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் அறை கோணிக்கொள்ளும் என்று நிறுத்திவிடும். அந்த எண்ணிக்கை வருவது மெல்லிய ஒயரில், சின்ன மின்னழுத்தத்தில். மோட்டாரின் 28 ஆம்பியருக்கு முன்னால் அது ஒரு முணுமுணுப்பு.

இடது மோட்டாரின் கனெக்டரைக் கழற்றினேன். பின்களுக்கு இடையில் பனி போல ஈரம், இரண்டு பின்னில் பச்சை பூத்திருந்தது. கனெக்டரைத் தனியே வைத்துப் பின்னுக்குப் பின் ஓம் அளந்தேன். எல்லையில்லை என்று காட்ட வேண்டிய இடத்தில் சில ஆயிரம் ஓம். மேக்கப் அறையிலிருந்த ஹேர் டிரையரை வாங்கி இரண்டு நிமிடம் காட்டினேன். எண் ஏறிக்கொண்டே போய், முடிவில் ஒன்றும் காட்டாமல் நின்றது. கண்முன்னே ஒரு கோளாறு மறைந்தது. நாளை விடியலில் திரும்பி வரும். காயவைத்தால் தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும்.

அதனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை சிரிஞ்சில் எடுத்து மூன்று முறை கழுவினேன், பிறகு காயவைத்தேன். பச்சை பூத்த இரண்டு பின்னையும் மாற்றி, கனெக்டருக்குள் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் அடைத்தேன். ஒயர் மேலிருந்து நேராகக் கனெக்டருக்குள் இறங்கியது. அப்படியிருந்தால் வழியும் ஈரம் உள்ளேதான் போகும். ஒயரைத் தொட்டில் போலத் தொங்கவிட்டுக் கட்டினேன், துளி அடியில் சொட்டிவிடும்.

மார்ச் 20, காலை ஆறு மணி.

வேண்டுமென்றே வேர்க்கும் நேரத்துக்குக் காத்திருந்தேன். பக்கத்துக் குவியலில் கை வைத்தேன், ஈரம். சுவிட்சை அழுத்தினேன். அறை முழுக்க உள்ளே வந்தது. ஐந்து முறை போட்டுப் பார்த்தோம்.

நேற்று மத்தியானமே பேட்டரியிலிருந்து மோட்டார் வரை தனி நெகட்டிவ் ஒயர் இழுத்துவிட்டேன். உப்புக் காற்றுள்ள ஊருக்கு வரும் வண்டியில் சேஸிஸை எர்த்தாக நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வண்டி கட்டுபவர்கள் இந்தச் சில மீட்டர் ஒயரில் மிச்சம் பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பாத்தியில் பெரியவர் ஒருவர் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புநீரின் அடர்த்தி 25 டிகிரியைத் தொட்டால் உப்பு விழும். 30ஐ நெருங்கினால் கசப்பு சேரும், நீரை வெளியேற்றிவிட வேண்டும். இவர்களும் எண்ணைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதினேன்: தேதி, பேட்டரி 12.1, மோட்டார் 11.7, எர்த் 0.1, எல்லாம் மோட்டார் ஓடும்போது அளந்தவை. அடுத்து யார் கழற்றினாலும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

தம்பி டிக்கியைத் திறந்து துணியில் சுற்றியிருந்த பழைய மோட்டாரை எடுத்துவந்தான். தூக்கிப்போட மனம் வரவில்லையாம். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து அதன் முனைகளில் வைத்தேன்.

சுற்றியது. ஒயரை மாற்றி வைத்தேன், எதிர்ப்பக்கம் சுற்றியது. அவன் அதை போனில் வீடியோ எடுத்தான். பேனலில் எழுதியதையும் படம் எடுத்து, இரண்டையும் முதலாளிக்கு அனுப்பினான்.