துய்ப்ளேக்கு ஒரு பொதி

புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு, வேறு ஊர்ச் சாலைகளுக்கு வாய்க்காத பாக்கியம் ஒன்று உண்டு. மாலை 6 மணி ஆனதும் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 மணி வரை அது நடப்பவர்களுக்கே சொந்தம். ஹாரன் கிடையாது, புகை கிடையாது. ஒரு பக்கம் கருங்கல் பாறைகளில் அலை மோதிச் சிதறுகிறது. மறு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போன கட்டடங்கள். நடுவிலே, செஞ்சியிலிருந்து வந்த எட்டுக் கல் தூண்களுக்கு இடையே காந்திஜி கைத்தடியோடு நிற்கிறார். தென்கோடியில் பழைய கவர்னர் துய்ப்ளே சிலையாக நிற்கிறார்.

விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். கேன்வாஸ் ஷூ அணிந்த தாத்தாக்கள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும் மாமிகள், அவர்களோடு சகல ஜாதி நாய்களும்! யார் யாரை அழைத்து வருகிறார்கள் என்று சில சமயம் சந்தேகமாக இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் அண்ணியின் நாயைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வெள்ளை வெளேரென்று, ஒட்டிய வயிறும் உயர்ந்த கால்களுமாக, அசல் ராஜபாளையம். 2005-ம் வருஷம் தபால் தலையில் படம் போட்டார்களே, அந்த வம்சம். அதன் முதுகின் இரு புறமும் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பைகள் தொங்குகின்றன. அதற்குப் பெயர் துய்ப்ளே! குழந்தைகள் வைத்த பெயர். நிஜ துய்ப்ளேக்கு வேண்டியதையெல்லாம் கவனிக்க ஆனந்தரங்கப் பிள்ளை என்ற துபாஷி இருந்தார். இந்த துய்ப்ளேயோ தன் சாமானைத் தானே சுமக்கிறது.

இது வெறும் நாகரிகம் என்று எண்ணிவிடாதீர்கள். போன வருஷம் அண்ணிக்கு வலது தோளில் வலி வந்தது. கையைத் தூக்கித் தலை பின்னக்கூட முடியவில்லை. ஒரு கையில் சங்கிலி, மறு தோளில் தண்ணீர்ப் பை என்று நடப்பது அதோடு நின்றது. நாயின் உலாத்தலும் நின்றது. ஓடுவதற்கென்றே பிறந்த நாயை அடைத்துப் போட்டால் சும்மா இருக்குமா? பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமுமாக இருக்கும் அந்தப் பழைய வீட்டில், ஒரு தூண் பாக்கியில்லாமல் பிறாண்டித் தீர்த்தது. அண்ணனின் செருப்புகளை ஜோடி ஜோடியாக முடித்தது. அப்போதுதான் அண்ணிக்கு இந்த யோசனை தோன்றியது.

"பாவம் அண்ணி, வாயில்லா ஜீவனுக்குச் சுமையா?" என்று கேட்டேன்.

"தண்ணீரைக் குடிக்கப் போகிறவன் அவன்தானேடி!" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இதில் புதுமை ஒன்றும் இல்லை. நம் ஊரில் சலவைத் துணிப் பொதியைக் கழுதை சுமந்தது. இமயமலைப் பக்கம் ஆடுகளின் முதுகில் சின்னச் சின்னப் பைகளைக் கட்டி உப்பு ஏற்றி வந்தார்கள். குதிரை வருவதற்கு முன் அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நாய்தான் வண்டி மாடு. கடற்கரைச் சாலையிலேயே, முதல் உலக யுத்தத்தில் மாண்டவர்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த யுத்தத்தில், 1915-ல், பிரெஞ்சு ராணுவம் அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் நானூறுக்கு மேற்பட்ட நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து, வோழ் மலைப் பனியில் வெடிகுண்டுச் சாமான்களை இழுக்க விட்டது. ஆனால் அவை பனி தேசத்து நாய்கள். புதுச்சேரியில் பனி ஏது? புழுக்கம்தான் உண்டு. பை வாங்கும் சாமர்த்தியமெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிறது. நாய்க்கு உள்ளங்கால் தவிர வேறெங்கும் வியர்வை கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றிலே ஈரம் நிறைந்திருக்கும் கடலோர ஊரில் அந்த வித்தை பாதிதான் பலிக்கும். இதற்கு மேல் முதுகை முழுக்க மூடுகிற கனத்த பையைப் போட்டால், மே மாதத்தில் கம்பளிச் சட்டை மாட்டிவிட்ட மாதிரிதான்.

ஆகவே தோல் பை வேண்டாம். புதுச்சேரி தோல் பைகளுக்குப் பெயர் போன ஊர்தான். ஹைடிசைன் பைகள் 1978-ல் பிறந்ததே இங்கேதான். மனிதர் தோளுக்கு அது அழகு. நாய் முதுகில் போட்டால் காற்றுப் புகாது. மழைக்காலத்தில் நனைந்தால் பூசணம் பிடிக்கும். கித்தான் பை உறுதியானது, ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கனக்கும். (ஒரு காலத்தில் நீலத் துணி சாயம் தோய்த்து ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிய ஊரில் துணியைக் குறை சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.) முதுகில் படும் பாகம் வலைத் துணியாகவும், பைகள் இரண்டும் மெல்லிய நைலானாகவும் இருப்பதே உத்தமம். பக்கிள் இரும்பாக இருக்கக் கூடாது. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துரு ஏறும் ஊர்; பக்கிள் எம்மாத்திரம்? நல்ல பிளாஸ்டிக் பக்கிள் போதும். ஒரே அமுக்கில் கழன்றுவிட வேண்டும்.

அளவு எடுப்பதுதான் பெரிய வேலை. தையல் டேப்பை எடுத்து, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். சின்னது, பெரியது என்று கடையில் போட்டிருக்கும் சீட்டை நம்பக் கூடாது. ரவிக்கைக்கே நாம் அதை நம்புவதில்லையே! சுமை தோளுக்கு மேலே உட்கார வேண்டும், நடுமுதுகில் அல்ல. ராஜபாளையத்துக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். மார்புக்குக் குறுக்கே ஒரு வார் இல்லாவிட்டால் பை வழுக்கிக்கொண்டு இடுப்புக்குப் போய்விடும். லாப்ரடார் உருண்டை உடம்பு. அதற்குப் பை பக்கவாட்டில் சுழன்று வயிற்றுக்கு அடியில் போய்த் தொங்கும். இரண்டு ஜாதிக்கும் ஒரே பை சரிப்படாது. வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பை மார்புக்குக் கீழே தொங்கி முழங்கையில் இடிக்கக் கூடாது. மேலே ஒரு கைப்பிடி இருந்தால் நல்லது. தெரு நாய்கள் கூட்டமாக வரும்போது சட்டென்று பிடித்து நிறுத்தலாம். அவை வரத்தான் செய்யும். பை சுமக்கும் நாயைக் கண்டால் நம் தெரு நாய்களுக்கு என்ன ஆத்திரமோ!

எடைக்கு அண்ணி ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். குளிர் தேசங்களில் பழகிய நாய்கள் உடல் எடையில் நாலில் ஒரு பங்குகூடச் சுமப்பதுண்டு. இங்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. துய்ப்ளே 27 கிலோ. ஆகவே பையும் சேர்த்து 2.7 கிலோதான் எல்லை. அண்ணி 2 கிலோவோடு நிறுத்திக்கொண்டாள். பக்கத்துக்கு ஒன்றாக அரை லிட்டர் பாட்டில், ஒரு மடக்குக் கிண்ணம், துண்டு, நாய் அசுத்தம் செய்தால் எடுத்துப் போடக் காகிதப் பைகள், அவ்வளவுதான். தண்ணீர் கொடுக்கும்போது இரண்டு பாட்டில்களிலிருந்தும் பாதிப் பாதி ஊற்ற வேண்டும். ஒன்றையே காலி செய்தால் பை ஒரு பக்கம் சாயும், நாயும் சாய்ந்து நடக்கும், முதுகுக்குக் கெடுதல்.

வாங்கின அன்றே தண்ணீரை ஏற்றிவிடவும் இல்லை. முதல் வாரம் தாழ்வாரத்தில் வெறும் பையோடு நடை. அடுத்த வாரம் ஆளுக்கொரு பக்கமாகப் பழந்துணி. அதற்கப்புறம்தான் பாட்டில். முதல் இரண்டு நாள் துய்ப்ளே கதவு நிலையில் பையை இடித்துக்கொண்டு, தான் எப்போது இவ்வளவு குண்டானோம் என்பது போல் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சாப்பாடு போட்ட உடனே பை கட்டுவதில்லை. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு நிறைந்த வயிற்றோடு ஓட்டம் ஆபத்து.

காலை 5.30 மணிக்குப் புறப்படுகிறார்கள். காந்தி சிலையருகில் பை கழற்றப்படுகிறது; தண்ணீர், ஓய்வு. வாருக்கு அடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று அண்ணி தடவிப் பார்க்கிறாள். ராஜபாளையத்துக்கு மயிர் குட்டை, தோல் இளஞ்சிவப்பு. அக்குளில் சீக்கிரம் உரசிவிடும். திரும்பும்போது புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்க்கிறாள். ஏழு எண்ணும் வரை வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் அது சுடும். நாக்கு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிழல், உடம்பில் தண்ணீர், டாக்டர். குரும்பாப்பேட்டையில் கால்நடை வைத்தியக் கல்லூரியே இருக்கிறது. பை வாங்கும் முன்பே அண்ணி டாக்டர் ஒருவரிடம் நாயின் இடுப்பையும் முதுகையும் காட்டிக்கொண்டு வந்தாள். மூட்டு வலியுள்ள நாய்க்கும் கிழ நாய்க்கும் பை கூடவே கூடாது.

நான் ஊர் திரும்பும் நாள் காலையில் ஓர் அம்மாள் லாப்ரடார் குட்டியோடு எதிரே வந்தார்கள். எட்டு மாதம்தான், ஆனால் கன்றுக்குட்டி போல் இருந்தது.

"இந்தப் பை எங்கே கிடைக்கும்? இவனுக்கும் ஒன்று வாங்கிவிடுகிறேன்" என்றார்கள்.

"வேண்டாம் அம்மா, எலும்பு இன்னும் முற்றவில்லை. ஒன்றரை வயசு ஆகட்டும்" என்றாள் அண்ணி. "கடை விலாசம் எங்கேயும் ஓடிப் போகாது. பத்து மாதம் கழித்து இதே இடத்தில் கேளுங்கள், சொல்கிறேன்."